துறுதுறு எந்த வகைச் சொல்?

'ரெஸ்ட்லெஸ்லி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதச் சொன்னால் ஆளுக்கொன்று எழுதுவார்கள். கதை எழுதுபவர் 'நிலைகொள்ளாமல்' என்பார். செய்தி எழுதுபவர் 'பதற்றத்துடன்' என்பார். பேச்சை ஒட்டி எழுதுபவருக்கு 'இருப்புக்கொள்ளாமல்' கைக்கு வரும். குழந்தையைப் பற்றி என்றால் 'துறுதுறுவென்று'. வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிற ஆளைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் 'குட்டி போட்ட பூனை மாதிரி' இருக்கவே இருக்கிறது. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதில் பெரிய வழக்கு இல்லை. தமிழ் பேசுகிற எவரும் யோசிக்காமல் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

வழக்கு இருப்பது இலக்கணத்தில். ஆங்கில இலக்கணம் அந்தச் சொல்லை வினையடை என்ற வகையில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மேலே சொன்ன ஐந்தையும் தமிழ் இலக்கணம் எங்கே சேர்க்கும்? ஐந்தும் வினைக்கு அடையாக வருகின்றன. ஆனால் இரண்டு எதிர்மறை வினையெச்சங்கள், ஒன்று உருபேற்ற பெயர், ஒன்று உவமைத் தொடர், ஒன்றுக்குத் தனித்துப் பொருளே கிடையாது. அப்படியானால் தமிழில் வினையடை என்ற தனிச் சொல்வகை உண்டா, அல்லது பிற சொற்கள் செய்யும் வேலைக்கு வைத்த பெயர்தானா?

இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுகளாக விடை சொல்லப்பட்டுவருகிறது. விடை சொன்னவர்களில் ஒரு சாராரின் நூல்கள் சோழமண்டலக் கரையில் உருவானவை. காரைக்காலிலிருந்து வடக்கே நண்டலாற்றைத் தாண்டிச் சுமார் 15 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. அதே கரையில் இன்னும் வடக்கே புதுச்சேரி. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1620 முதல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி, பிரெஞ்சிந்தியாவின் தலைநகராக இருந்த புதுச்சேரி ஆகிய இந்தக் கரையோரத் துண்டுகளில்தான் தமிழ் இலக்கணமும் ஐரோப்பிய இலக்கணமும் நெருங்கிப் பழகின.

நான்கு சொல், ஐந்தாவது இல்லை

தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பகுக்கிறது. வினையடை அந்தப் பகுப்பில் இல்லை. அதனால் தொல்காப்பியர் இவ்வகைச் சொற்களைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. குறைந்தது நான்கு இடங்களில் அவை தலைகாட்டுகின்றன.

முதலாவது உரியியல். அலமரல், தெருமரல் என்ற இரண்டுக்கும் சுழற்சி என்று பொருள் தருகிறது தொல்காப்பியம். அதிர்வு, விதிர்ப்பு என்பவற்றுக்கு நடுக்கம். கதழ்வு, துனைவு என்பவற்றுக்கு விரைவு. மனமும் உடலும் ஓரிடத்தில் நில்லாத நிலையைச் சொல்லும் சொற்கள் அந்த இயலில் கணிசமாக உண்டு. உரிச்சொல்லின் இலக்கணமாகச் சொல்லப்படுவதும் இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றில் தோன்றுவது என்பதே.

இரண்டாவது இடையியலில் வரும் 'என' என்ற சொல். வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்று அதற்கு ஆறு பொருள்நிலைகள் சொல்லப்படுகின்றன. இவற்றில் குறிப்பும் இசையும்தான் இன்றைய 'படபடவென்று', 'துறுதுறுவென்று' போன்றவற்றின் இடம். மூன்றாவது இரட்டைக்கிளவி பற்றிய விதி: இரட்டித்து நிற்கும் சொல் பிரிந்து ஒலிக்காது. நான்காவது இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எழுத்ததிகாரத்தில் குற்றியலுகரப் புணரியலின் இறுதிப் பகுதியில், குறிப்பிலும் பண்பிலும் இசையிலும் தோன்றி ஒழுங்குக்குள் வராத சொற்களைக் 'குறைச்சொல்' என்று பெயரிட்டு, புணர்ச்சி விதிக்கு உட்படாதவற்றோடு சேர்த்துவிடுகிறது நூல். இந்தச் சொற்கள் மற்றவற்றைப்போல் நடந்துகொள்வதில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. அவற்றுக்குத் தனி வகை கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

உரிச்சொல்லே ஐரோப்பியர் சொல்லும் அடைச்சொல் என்று கொள்ளும் போக்கு பின்னால் வந்தது. பெயர் உரிச்சொல், வினை உரிச்சொல் என்று அதை இரண்டாகப் பிரிக்கும் வழக்கமும் அதோடு சேர்ந்தே பரவியது. உறு, தவ, நனி முதலிய மிகுதிச் சொற்களை மட்டும் பார்த்தால் இது நன்றாகவே பொருந்துகிறது. 'நனி' இன்றைய 'மிக' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அலமரலுக்கு வந்தால் பொருந்தவில்லை. அது பட்டியலில் பெயர் வடிவத்தில் நிற்கிறது, செய்யுளில் 'அலமந்து' என்று வினையாகிறது, தன் வடிவிலேயே வினைக்கு அடையாக நிற்பதில்லை.

உரையாசிரியர்களும் ஒருமித்துச் சொல்லவில்லை. பெயருக்கும் வினைக்கும் உரியதாய் வருவதால் உரிச்சொல் என்பது பரவலான விளக்கம். தெய்வச்சிலையாரிடம் அதை வினையடியோடு, அதாவது வடமொழியார் தாது என்பதோடு, ஒப்பிடும் பார்வை தெரிகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி, செய்யுளுக்கு உரியவை என்ற கருத்தையும் உள்ளே கொண்டுவந்தார். ஒரு வகைக்கு இத்தனை வரையறைகள் இருக்கும்போது, அதை வைத்து இன்னொரு மொழியின் வகையை விளக்குவது அளவுகோல் ஆடும்போதே அளப்பதாகிவிடுகிறது.

தரங்கம்பாடி அச்சகமும் லத்தீன் சட்டகமும்

வினையடை என்ற தனிப்பெட்டி தமிழுக்கு வந்தது மதப்பணியாளர்களின் மேசை வழியாக. முத்துக்குளித்துறையில் இருந்த போர்ச்சுக்கீசியர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழுக்கு இலக்கணம் எழுதிவிட்டார். 1706இல் தரங்கம்பாடியில் கால்வைத்த பார்த்தலோமேயு சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. லத்தீன் இலக்கண மரபில் சொல்வகை எட்டு. அவற்றில் வினையடை ஒன்று. அந்தப் பள்ளியில் படித்தவர், புதிய மொழியைப் பார்த்ததும் எட்டு அறைகளையும் நிரப்பத் தேடுவது இயல்பு.

வீரமாமுனிவரின் நிலை இன்னும் சுவையானது. அவர் இயேசு சபையைச் சேர்ந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடி லுத்தரன்களோடு அவருக்குக் கடும் பகை. ஆனாலும் பேச்சுத் தமிழுக்கு, அதாவது அவர் 'கொடுந்தமிழ்' என்றதற்கு, லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சானது அந்த லுத்தரன்களின் தரங்கம்பாடி அச்சகத்தில்தான். அதே மனிதர் 1730இல் தமிழில் எழுதிய 'தொன்னூல் விளக்கம்' எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற தமிழ் மரபின் வழியே போகிறது. எழுதியவர் ஒருவர், மொழி ஒன்று, சட்டகம் மட்டும் இரண்டு. வாசகர் தமிழர் என்றால் ஒன்று, தமிழ் கற்க வந்த பாதிரியார் என்றால் இன்னொன்று.

இந்தக் கட்டத்துக்கு அதிகக் கவனம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வினையடை என்ற வகையை அந்நியத் திணிப்பு என்று ஒதுக்குபவர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், மொழியைக் கற்கிறவருக்கு ஒரு நியாயமான தேவை இருந்தது. 'வேகமாக', 'மெல்ல', 'சும்மா', 'திடீரென்று' போன்றவற்றை எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவை வினையெச்சத்தில் கொஞ்சம், இடைச்சொல்லில் கொஞ்சம், உரிச்சொல்லில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தால் அவர் தொலைந்துபோவார். முஸ்ஸே, துய்ப்புயி என்ற இரு பாதிரியார்கள் புதுச்சேரியில் 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்–பிரெஞ்சு அகராதியும் இதே தேவைக்கு உழைத்த நூல்தான்.

'வினையடையே இல்லை' என்ற வாதம்

19ஆம் நூற்றாண்டில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் காலத்தில், திராவிட மொழிகளில் வினையடையாக வருபவை எல்லாம் உண்மையில் பெயர் அல்லது வினையின் வடிவங்களே என்ற கருத்து வலுத்தது. இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 'வேகமாக' என்பது வேகம் என்ற பெயரும் ஆகு என்ற வினையின் எச்சமும். 'பதற்றத்துடன்' உருபேற்ற பெயர். 'ஓயாமல்' ஓய் என்ற வினையின் எதிர்மறை எச்சம்.

அமைதியின்மையைச் சொல்லும் சொற்களில் இந்த எதிர்மறை எச்சங்கள் நிறைந்து கிடக்கின்றன: இருப்புக்கொள்ளாமல், நிலைகொள்ளாமல், கால் தரிக்காமல், ஓரிடத்தில் நில்லாமல், மனம் ஒன்றாமல். எல்லாமே இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்று சொல்லியே வேலையை முடிக்கின்றன. இவை வினைதான் என்பதற்குச் சோதனை எளிது; எழுவாயும் காலமும் கொடுத்தால் முழு வினையாகிவிடும். ஓர் எடுத்துக்காட்டு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர் ஒருவர் 'இருப்புக்கொள்ளாமல்' படகைச் சுற்றிவந்தார் என்று எழுதலாம். 'அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை' என்றும் அதையே எழுதலாம். 'ரெஸ்ட்லெஸ்லி' என்ற சொல்லை இப்படி வாக்கியத்தின் பயனிலையாக மாற்ற முடியாது. எனவே இந்தத் தொகுதியைப் பொறுத்தவரை 'வினையடை இல்லை' கட்சியின் வாதம் உறுதியாக நிற்கிறது.

'ஆக' சேர்ந்தவற்றில் அது தளர்கிறது. பிறப்பைக் காட்டி வகையை மறுப்பது இதில் ஒரு சிக்கல். ஆங்கில வினையடையின் 'லி' என்ற ஈறு, உடல் அல்லது உருவம் என்று பொருள்தந்த பழைய ஜெர்மானியப் பெயரிலிருந்து வந்தது. காரைக்கால் பள்ளிகளில் பிரெஞ்சு படித்தவர்கள் மனப்பாடம் செய்த 'மான்' என்ற வினையடை ஈறோ, மனம் என்று பொருள்படும் லத்தீன் பெயரின் ஒரு வேற்றுமை வடிவம். அவ்விரண்டும் பெயர்வழி வந்தவை என்பதற்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வினையடை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் 'ஆக' மட்டும் ஏன் தன் பிறப்புச் சான்றிதழைக் காலமெல்லாம் சுமக்க வேண்டும்? (பிரெஞ்சுக்காரர்களும் ஓயாமல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'சான் செஸ்', அதாவது 'ஓய்வின்றி', என்ற தொடரையே நாடுகிறார்கள். தனி ஈறு கைவசம் இருப்பதாலேயே ஒரு மொழி அதை எங்கும் பயன்படுத்திவிடுவதில்லை.)

மறுபக்கம் இன்னொரு சிக்கல். 'ஆக' ஒரே வேலையைச் செய்வதில்லை. 'பதற்றமாகப் பேசினார்' என்பதில் அது பேச்சின் விதத்தைச் சொல்கிறது. 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்பதில் அது பயனிலையின் பகுதி. 'ஆசிரியராக இருக்கிறார்' என்பதில் தொழிலைச் சொல்கிறது. புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு நிறுவனம் 1989இல் வெளியிட்ட தாமஸ் லேமனின் இக்காலத் தமிழ் இலக்கணம், வினையடையைத் தனி வகையாக ஏற்று 'ஆக' சேர்ந்த வடிவங்களுக்கு அதில் இடமளிக்கிறது. இன்றைய தமிழைக் கற்பிக்க இது வசதியான முடிவு. மூன்று 'ஆக'வும் ஒன்றா மூன்றா என்பது அந்த முடிவால் தீர்ந்துவிடுவதில்லை.

பெயரிலும் வினையிலும் அடங்காத சிறு கூட்டம் ஒன்றும் உண்டு. 'இனி' எந்த வினையின் எச்சமும் அல்ல. 'மெல்ல' என்பது செய்ய, போக என்பவற்றைப்போல ஒலிக்கிறது; ஆனால் அதற்கு முற்றுவினை வழக்கில் இல்லை ('மெல்லுகிறான்' என்றால் வாயில் வெற்றிலை). மரபிலக்கணம் இதைக் குறிப்பு வினையெச்சம் என்று சொல்லிச் சமாளிக்கிறது. பெயர் எதுவானாலும், இவற்றின் வேலை வினைக்கு அடையாக நிற்பது மட்டுமே. 'வினையடையே இல்லை' என்று முழுதாகச் சொல்ல இவை விடுவதில்லை.

துறுதுறு குடும்பம்

மேற்சொன்ன கட்சிகள் எல்லாமே தடுக்கி விழும் இடம் இரட்டைக்கிளவி. துறுதுறு, பரபர, படபட, திருதிரு, குறுகுறு, வெடவெட, நமநம: நில்லாமையின் ஒவ்வொரு வகைக்கும் தமிழ் ஒன்று வைத்திருக்கிறது. அவற்றின் நடத்தையைக் கிட்டே போய்ப் பார்த்தால், பள்ளிப் பாடம் சொல்வதைவிட விஷயம் குழப்பமானது என்பது தெரியும்.

முதலில் கூடவரும் வினை. குழந்தை துறுதுறுவென்று இருக்கும்; துறுதுறுவென்று தூங்காது. மாட்டிக்கொண்டவன் திருதிருவென்று விழிப்பான். திருதிருவென்று ஓட மாட்டான். குளிரில் வெடவெடவென்று நடுங்கலாம், பேச முடியாது. பரபர சற்றுத் தாராளம்: பரபரவென்று கிளம்பலாம், இழுக்கலாம், கையைத் தேய்க்கலாம். படபட அதைவிடத் தாராளம்: கதவு அடித்துக்கொள்ளும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆள் பொரிந்து தள்ளுவார். 'வேகமாக' என்ற சொல்லை எந்த வினையின் முன்னும் வைக்கலாம். துறுதுறு குடும்பத்துக்கோ ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி உறவுமுறை. இலக்கண விதியைவிட அகராதிதான் இங்கே அதிகம் சொல்ல முடியும்.

அடுத்தது வடிவம். பரபரப்பு, படபடப்பு, துறுதுறுப்பு, குறுகுறுப்பு என்று சில பெயராகின்றன. திருதிருப்பு, மளமளப்பு என்று யாரும் சொல்வதில்லை. பெயரானவை மீண்டும் 'ஆக' சேர்த்துக்கொண்டு 'பரபரப்பாக' என்று வினையடை வேலைக்கே திரும்புகின்றன. அந்தச் சுற்றில் பொருளும் நகர்ந்துவிடுகிறது. பரபரவென்று கிளம்பியவர் அவசரத்தில் இருக்கிறார். பரபரப்பாகப் பேசப்பட்டவர் செய்தித்தாளில் இருக்கிறார்.

பிரிந்தால் பொருள் தராது என்ற பழைய விதிக்கும் ஓரங்கள் கிழிந்திருக்கின்றன. துறு என்று தனியே நிற்காது, சரி. 'பதைபதைத்தாள்' என்பதில் பதை என்ற வினை தனியே பொருள் தருகிறது. 'துடிதுடித்தான்' என்பதிலும் அப்படியே. இவற்றை அடுக்குத்தொடர் என்பதா? 'பாம்பு பாம்பு' என்பது போன்ற அடுக்கில் சொல் முழுதாகத் திரும்ப வருகிறது. பதைபதைத்தாளில் வினையடி மட்டும் இரட்டித்து ஒரே சொல்லாகிறது. ஆக அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. படபடவுக்குப் 'படக்கென்று' என்ற ஒற்றை உறவினரும் உண்டு. படக்கென்று என்றால் ஒரே ஒருமுறை, சட்டென்று; படபடவென்று என்றால் நிற்காமல். குறளில் வரும் 'பொள்ளென', 'கதுமென' போன்றவையும் இரட்டிக்காத வடிவங்களே, அவற்றின் பொருளும் உடனடித் தன்மைதான். ஒற்றை என்றால் ஒருமுறை, இரட்டை என்றால் தொடர்ச்சி என்று பொதுவிதி வகுக்கலாமா? ஆசைதான். ஆனால் 'சிவுக்கென்று' கோபம் வந்த ஒருவர் பிறகு சிவுசிவு என்று இருப்பதில்லை. எல்லா ஒற்றைக்கும் இரட்டை கிடைப்பதில்லை.

எழுத்திலும் நிலை கொள்ளவில்லை. அச்சில் துறுதுறு, துருதுரு இரண்டும் உலவுகின்றன. காவிரி டெல்டா பகுதி உள்ளிட்ட பெரும்பாலான இடங்களின் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் காதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வல்லின றகரம் போட்டவர்களின் பக்கம் அகராதி வழக்கு சாய்கிறது. இடையின ரகரத்தில் எழுதினால் இரும்பில் பிடிப்பது நினைவுக்கு வருவது ஒன்றுதான் உபத்திரவம்.

உலக மொழியியலில் இத்தகைய சொற்களுக்கு இடம் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டில். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளை ஆராய்ந்த டோக் 1935இல் அவற்றைத் தனிச் சொல்வகையாகப் பிரித்து 'இடியோஃபோன்' என்று பெயரிட்டார். எமனோ 1969இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானவை, திராவிடம், இந்தோ–ஆரியம் என்ற எல்லையைத் தாண்டியவை என்று காட்டியது. டிஃப்லோத் 1972இல், மலேசியாவின் செமாய் போன்ற மொழிகளைப் பற்றிய தம் ஆய்வுகளின் பின்னணியில், இவற்றை 'எக்ஸ்பிரெஸிவ்' என்று தனி இனமாகவே பார்க்கச் சொன்னார். இவர்கள் வழியில் போனால் துறுதுறு வினையடையும் அல்ல, பெயரும் அல்ல. அது தன் வழியில் தனி. தொல்காப்பியத்தின் குறைச்சொல்லுக்கு மிக அருகில் வந்துவிட்ட நிலைப்பாடு இது.

அருகில்தான், முழுதாக அல்ல. இடியோஃபோன்கள் எதிர்மறை வாக்கியத்தில் எளிதில் வருவதில்லை என்பது பல மொழிகளில் கவனிக்கப்பட்ட போக்கு. 'குளிரில் வெடவெடவென்று நடுங்கவில்லை' என்பது தமிழிலும் காதில் உறுத்துகிறது. ஆனால் 'காய்ச்சல் வந்ததிலிருந்து பிள்ளை முன்னைப்போலத் துறுதுறுன்னு இல்லை' என்று வீட்டில் சொல்வது முழுக்க இயல்பான வாக்கியம். ஒரே குடும்பத்தில் ஒன்று இடியோஃபோன்போல நடக்கிறது. மற்றது சாதாரணக் குணச்சொல்லாகி அடங்கிவிட்டது. துறுதுறு ஒரு சுபாவத்தைச் சொல்வதும், வெடவெட அந்த நேரத்து உடல் நடுக்கத்தை அப்படியே நடித்துக்காட்டுவதும் காரணமாக இருக்கலாம்.

அகராதிகளில் ஓர் இடம்

இலக்கண நூல் ஒரு கேள்வியைத் தள்ளிப்போடலாம். அகராதிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு குறியீட்டை அச்சிட்டாக வேண்டும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ஒலிக்குறிப்புச் சொற்கள் பலவற்றை 'எனல்' என்ற ஈற்றோடு தலைச்சொல்லாக்கியது. படபடெனல் என்பது தொழிற்பெயர். ஆக, வீட்டிலும் தெருவிலும் எவரும் சொல்லாத ஒரு பெயர் வடிவம் தலைச்சொல்லாகவும், எல்லோரும் சொல்லும் வடிவம் அதன் நிழலாகவும் ஆயின. மரபை மீறாமல் இருக்க எடுத்த முடிவு அது. புரிந்துகொள்ளலாம், தேடுபவருக்கு உதவவில்லை.

1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு வழி எடுத்தது. பெயர், வினை என்பவற்றோடு வினையடையையும் தனிச் சொல்வகையாகக் குறித்து, இன்றைய எழுத்திலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்தது. எந்த வினையோடு வரும் என்பதை எடுத்துக்காட்டுகளே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், துறுதுறு குடும்பத்துக்கு இதுவே பொருத்தமான நடைமுறை. கோட்பாட்டளவில் இது முழுத் தீர்வு என்று சொல்வதற்கில்லை. 'வேகமாக', 'இனி', 'படபடவென்று' மூன்றுக்கும் ஒரே குறியீடு கிடைக்கும்போது அவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம் 1972 வரை புதுப்பித்து வெளியிட்ட ஃபாப்ரீசியஸ் அகராதியையும் இவற்றோடு விரித்து வைத்துப் பார்த்தால், ஒரே சொல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வேறு வேறு வடிவில் தலைச்சொல்லாவதைக் காணலாம்.

தீராதவை

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளை வைத்து எச்சரிக்கையோடு சொல்லக்கூடியது இது. ஒவ்வொரு கட்சியும் தனக்கு வசதியான சொற்கூட்டத்தை முன்னால் நிறுத்திப் பொதுவிதி செய்திருக்கிறது. எதிர்மறை எச்சங்களைப் பார்த்தவர் வினையடை இல்லை என்றார். 'ஆக' ஈற்றைப் பார்த்தவர் உண்டு என்றார். நனியைப் பார்த்தவர் உரிச்சொல்லிலேயே அது இருந்தது என்றார். மூவர் சொல்வதும் அவரவர் கூட்டத்துக்குப் பெருமளவு சரி. இரட்டைக்கிளவியை மட்டும் யாரும் சரியாக உட்காரவைக்கவில்லை. அதைத் தனியே கவனித்த வகையில் தொல்காப்பியம் மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. உரிச்சொல்லைவிட 'என' பற்றிய விதியும் குறைச்சொல் பற்றிய விதியும்தான் இந்தக் கேள்விக்கு நெருக்கமானவை. விவாதமோ பெரும்பாலும் உரிச்சொல்லைச் சுற்றியே நடந்திருக்கிறது.

தீராதவற்றில் முதன்மையானது 'ன்னு'. எழுத்தில் 'என்று' தனிச்சொல்லாகத் தெரிகிறது. சொல்லுதல் என்று பொருள்தரும் 'என்' என்ற வினையின் வாசனை இன்னும் இருக்கிறது. காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ பேச்சில் அது 'துறுதுறுன்னு', 'பரபரன்னு', 'சட்டுன்னு' என்று ஒட்டிக்கொண்டுவிட்டது. 'வரேன்னு சொன்னான்' என்பதிலும் அதே 'ன்னு' வருகிறது. அங்கே அது பிறர் பேச்சைக் கொண்டுவருகிறது. இரண்டையும் பேசுகிறவர் ஒன்றாக உணர்கிறாரா? உணரவில்லை என்றால், தமிழில் ஒரு புதிய வினையடை ஈறு கண்முன்னால் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். 'ஆக' என்பது பேச்சில் 'வேகமா', 'பதட்டமா' என்று 'ஆ' வரைக்கும் தேய்ந்திருப்பதும் அதே திசையையே காட்டுகிறது. 1999இல் வெளியான ஷிஃப்மனின் பேச்சுத் தமிழ் இலக்கணம் போன்ற ஒரு சில நூல்களைத் தவிர்த்தால், விவாதம் இன்னும் எழுத்துத் தமிழின் வடிவங்களை வைத்தே நடக்கிறது.

இரண்டாவது, கணினிக்காரர்களின் நெருக்கடி. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட 'யூனிவர்சல் டிபென்டென்சீஸ்' என்ற வாக்கியப் பகுப்பு முறையில் சொல்வகை 17. வினையடைக்கு ஓர் இடம் உண்டு, வியப்புச் சொல்லுக்கு உண்டு, இடியோஃபோனுக்கு இல்லை. பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ் வாக்கியத் தொகுப்பும் இந்த 17க்குள்தான் அடங்கியாக வேண்டும். இம்முறையில் 'துறுதுறுவென்று' என்பதை ஒரே சொல்லாக எடுத்து வினையடை என்று குறித்தால், 'என்று' காணாமல் போகிறது. இரண்டாக வெட்டினால், வெட்டிய முதல் துண்டு எந்த வகை என்ற கேள்வி மறுபடி எழுகிறது. பெயர் என்றால் அது உருபேற்பதில்லை. வினை என்றால் 'துறுதுறுக்கிறது' என்ற வடிவம் இருப்பதால் கொஞ்சம் சாக்குக் கிடைக்கிறது, 'திருதிரு'வுக்கு அதுவும் இல்லை.

குழந்தைகள் இவற்றை எப்படிக் கற்கின்றன என்பதிலிருந்து ஒரு துப்புக் கிடைக்கலாம். குழந்தை முதலில் 'படபட' என்று பிடித்துக்கொண்டு பிறகு 'ன்னு' சேர்க்கிறதா, இல்லை 'படபடன்னு' என்று முழுதாகவே பெறுகிறதா? முதலாவது என்றால் தனிச் சொல்வகை என்ற கட்சிக்கு வலு. இரண்டாவது என்றால் வினையடைக் கட்சிக்கு. டெல்டா ஊர்களின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, 'ன்னு' வரும் ஒவ்வோர் இடத்தையும் அதற்கு முன்னும் பின்னும் வரும் வினையையும் குறித்து எடுத்தால், இந்த இரண்டில் எது என்பதை இலக்கணச் சூத்திரத்தின் துணையின்றியே ஓரளவு சொல்லிவிட முடியும்.